அம்மா வீட்டுக் காய்ச்சல்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவேன். அடுத்த மாதம் எந்த ஊரில் எவ்வளவு பேருக்கு டெங்கு வரும் என்று முன்கூட்டியே சொல்கிற வேலை. கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். படூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் காவலாளி ஒருமுறை, "அப்ப கிளி எங்க மேடம்?" என்று கேட்டார். கிளி இல்லை, லேப்டாப்தான் இருக்கிறது என்றேன். அவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

செங்கல்பட்டில் காய்ச்சல் எண்ணிக்கைகளைத் தொகுக்கிற ஓர் அலுவலகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. வாரா வாரம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் எண்கள் வரும். அவற்றை ஊர்வாரியாகப் பிரித்து, காலத்தொடர் மாதிரி என்கிற ஒரு கணிப்பு முறைக்குள் போடுவேன். பெயர்தான் மிரட்டும். உள்ளே இருப்பது மாவுக்கு அரிசி எவ்வளவு ஊறப்போடலாம் என்று வீட்டில் போடுகிற கணக்குதான். போன வாரம் எவ்வளவு, அதற்கு முந்தின வாரம் எவ்வளவு, போன வருடம் இதே சமயத்தில் எப்படி இருந்தது, மழை எப்போது பெய்தது. இவற்றையெல்லாம் சேர்த்துக் கோத்து, இனி வரப்போகும் வாரங்களுக்கு ஒரு கோட்டை நீட்ட வேண்டும். கோட்டைச் சுற்றி ஒரு சாம்பல் நிறப் பட்டை விழும். உண்மை அந்தப் பட்டைக்குள் எங்கேயாவது இருக்கும் என்று அர்த்தம்.

கூட்டங்களில் எல்லோரும் நடுக்கோட்டைப் பார்ப்பார்கள். நான் பட்டையின் மேல் விளிம்பைத்தான் பார்ப்பேன். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். பஸ் கொஞ்சம் தாமதமானால் கவிழ்ந்திருக்குமோ என்று நினைக்கிற ஜாதி. பயந்தாங்கொள்ளிக்கு ஏற்ற வேலை கிடைத்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் சொல்வதில் தப்பில்லை.

அந்த வருடம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. என் தங்கைக்கு அப்போது எட்டு மாதம் முடிகிற நேரம். தலைப்பிரசவம். அவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நடப் போன காலத்தில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அப்பா இப்போது இல்லை. அம்மா சதுரங்கப்பட்டினத்தில் அதே வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்து டவுன்ஷிப்பில் வீட்டு வேலைக்குப் போகிறாள். தங்கை புருஷனுக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே வாடகை வீடு.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு போட்டு, அன்றைக்கே அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். இதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அம்மா கண்ணாடி வளையலெல்லாம் வாங்கி வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் என் திரையில் சதுரங்கப்பட்டினத்துக்கான கோடு தலையைத் தூக்கியது. மழைக்கு அப்புறம் சில வாரம் கழித்து ஏறுவது வழக்கம்தான். ஆனால் இது செங்குத்தாக ஏறியது. தங்கை அங்கே போய்ப் படுக்கப்போகிற வாரங்களில் அது உச்சியில் நின்றது. பட்டையின் மேல் விளிம்பு திரையைத் தாண்டி வெளியே போயிருந்தது. மறைமலைநகரின் கோடோ தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. நிறைமாதத்தில் டெங்கு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரத்தம் உறைவதற்கான தட்டணுக்கள் குறைந்திருக்கிற நேரத்தில் வலி எடுத்துவிட்டால் தாயைக் காப்பாற்றுவது பெரும்பாடு. இந்த ஒன்றைத்தான் நான் அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். வீட்டுக்குப் பின்னால் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத தெருவில் டிரம் இல்லாத வீடு கிடையாது. ஒரு டிரம்மின் மூடியைத் தூக்கி, உள்ளே நெளிகிற கொசுப்புழுவைக் காட்டினேன். திரையில் ஏறுகிற கோட்டைக் காட்டினேன். அவளை இங்கே கூட்டி வரவே கூடாது, வளைகாப்பை மறைமலைநகரில் போட்டுவிட்டு அங்கேயே இருக்கட்டும் என்றேன். அம்மா டிரம்மைக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மொதப் பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு இட்டுகினு வர்லன்னா நாலு பேரு இன்னா பேசுவாங்கன்னு உன் கோடு சொல்லுதா?"

நாலு பேர் வந்து பிள்ளை பெற்றுக் கொடுப்பார்களா என்று கத்தினேன். எனக்கு வாய் நீளம், அம்மாவுக்கு அதைவிட நீளம். படிக்க வைத்தது தப்பாகிவிட்டது என்றாள். நான் படித்ததே இதற்காகத்தான் என்றேன். கடைசியில் தங்கைக்குப் போன் போட்டேன். அவள் கொஞ்சம் அழுதாள். அம்மா கையால் சாப்பிட வேண்டும் போல இருக்கிறது என்றாள். பிறகு, "உனக்குத் தெரியும்க்கா. நீ சொன்னா சரி" என்றாள்.

அந்த வார்த்தை என் மனதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வளைகாப்பு மறைமலைநகரில் நடந்தது. கலவை சாதம், சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஒரு அமைதி. அம்மா வளையலைப் போட்டுவிட்டு, என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் தனியாகக் கிளம்பி ஊருக்குப் போனாள்.

அடுத்தடுத்த வாரங்களில் சதுரங்கப்பட்டினத்தின் எண்கள் வந்தன. நான் போட்ட கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தன. அலுவலகத்தில் பாராட்டினார்கள். புகை அடிக்கிற ஆட்களையும், டிரம்மில் மருந்து ஊற்றுகிற பெண்களையும் முன்கூட்டியே அங்கே அனுப்ப முடிந்தது என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் தங்கைக்குப் போன் போட்டு, பார்த்தாயா, அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்றாள். நிறைமாதம், அசதி இருக்கத்தானே செய்யும் என்று நானே பதிலும் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாளில் அவள் புருஷன் பேசினார்.

"அண்ணி, இவளுக்கு ஜுரம் அனலா அடிக்குது. நேத்துலர்ந்து. உங்ககிட்ட சொன்னா பயப்படுவீங்கன்னு வாணாம்னுட்டா."

இருக்க முடியாதே என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. அங்கே எண்ணிக்கையே இல்லையே, வேறு ஏதாவது காய்ச்சலாக இருக்கும் என்றேன். அவர் சலிப்போடு சொன்னார்.

"இங்க யாருக்குத்தான் இல்ல? என் லைன்ல பாதி பேரு ஜுரம்னு லீவு போட்டுட்டு அவங்கவங்க ஊருக்குப் போய்க்கினாங்க. ரூம்ல தனியா கெடந்து இன்னா பண்ணுவாங்க? அம்மா வூட்டாண்ட போனா கஞ்சி வச்சாவது குடுப்பாங்க."

கேட்டேன். ஆனால் அது என் மண்டையில் ஏறவில்லை. உடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படூரிலிருந்து ஓடினேன்.

தங்கை புருஷன் முதலிலேயே போன் செய்திருந்ததால் அம்மா எனக்கு முன்னாலேயே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். வேலை பார்த்த வீட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், புடவை இடுப்பில் செருகியபடியே இருந்தது. தங்கையை உள்ளே கொண்டுபோனார்கள். சீட்டு எழுதுகிற இடத்தில் அம்மா பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். விலாசம் கேட்டார்கள். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் சதுரங்கப்பட்டினம் என்று சொல்லி, தெருப் பெயரையும் சொன்னாள். மறைமலைநகர் என்று சொல்லம்மா, அவள் அங்கேதானே இருக்கிறாள் என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இன்னாடி பேசற? நாளைக்குக் கொயந்தையப் பாக்க நர்ஸம்மா எந்த வூட்டுக்கு வருவாங்க? புள்ள பெத்தவ அம்மா வூட்லதான் இருப்பா. எல்லாரும் அப்டித்தான் குடுப்பாங்க."

எல்லோரும் அப்படித்தான் கொடுப்பார்கள். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சதுரங்கப்பட்டினத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் மறைமலைநகரில் நான்கு பேர், ஐந்து பேராக ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் தெருவிலேயே பாதி வீட்டில் ஒருவர் அப்படித்தான். அங்கே கொசு கடிக்கிறது. காய்ச்சல் வந்ததும் பஸ் ஏறி அம்மாவிடம் வந்து படுத்துக்கொள்கிறார்கள். ஊரில் இருக்கிற சுகாதார நிலையத்தில் இரத்தம் கொடுக்கிறார்கள். ஊருக்குப் போகாமல் இந்த ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தவர்களும் அம்மா வீட்டு விலாசத்தைக் கொடுக்கிறார்கள். அந்த எண்தான் வாரா வாரம் எனக்கு வந்தது. என் கோடு சரியாகத்தான் சொன்னது. காய்ச்சல்காரர்கள் எங்கே போய்ப் படுப்பார்கள் என்பதைச் சொன்னது. எங்கே கடி வாங்கினார்கள் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, அதற்குத் தெரியவும் தெரியாது. கோடு தரையோடு கிடந்த ஊரில்தான் கொசு இருந்தது. அந்த ஊரில்தான் நான் என் தங்கையைப் பிடித்து உட்கார வைத்திருந்தேன்.

சோதனையில் டெங்கு என்று வந்தது.

காலையும் மாலையும் இரத்தம் எடுத்தார்கள். தட்டணு எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் முந்தினதைவிடக் குறைந்திருந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை உதறினாலும் என் புத்தி அந்த எண்களைக் கோத்துக் கோட்டை நீட்டிவிடும். இப்படியே இறங்கினால் நாளை எங்கே நிற்கும், மறுநாள் எங்கே நிற்கும். கீழ் விளிம்பு எங்கே போய் முட்டும். பழகிய புத்தி, நிறுத்தத் தெரியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவளைப் பார்த்த டாக்டரம்மா கண்டிப்பானவர். நான் எண்களைக் கேட்டு அவர் பின்னாலேயே அலைவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் நின்றார். எண்ணை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் அவள் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள் என்றார். சூடாக இருந்தால் சரி. சில்லென்று ஆனால், வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னால், வாந்தி நிற்காமல் வந்தால், ஓடி வந்து கூப்பிடுங்கள். இப்போதைக்குப் பிரசவ வலி வராமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் கவலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவள் பாதம் என் கையில்தான் இருந்தது. வீங்கிப் பந்து மாதிரி இருந்தது. தொடுவேன், சூடாக இருக்கும். கையை எடுத்தால் மறுபடி பயம் வரும், மறுபடி தொடுவேன். கூச்சமாக இருக்கிறது விடுக்கா என்று அவளே ஒருமுறை முனகினாள். அவளுக்கு ஊசி ஏற்றுவதற்காகக் கழற்றிய வளையல்களை அம்மா மஞ்சள் பைக்குள் போட்டு மடியிலேயே வைத்திருந்தாள். பை அசைந்தால் உள்ளே சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கெல்லாம் நான் திடுக்கிட்டேன்.

பிறகு ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எறங்கிடுச்சுடி என்று மாரியம்மனைக் கும்பிட்டாள். தங்கை புருஷன் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நான் அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், குடிக்க முடியவில்லை. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து ஆரம்பிக்கிற நேரம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை கூட்டத்தில் இதை நான் சொல்லியிருப்பேன். அதை அங்கே யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

தங்கைக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அம்மா சீட்டு வாங்கப் போன நேரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். உதடு வெடித்திருந்தது.

"அக்கா, நாளைக்கு இன்னா ஆவும்?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியலடி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப சரி. நீ தெரியும் தெரியும்னு சொன்னப்பதான்க்கா எனக்கு பயமா இருந்திச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அழுவதற்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். நான் பாதத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அது லேசாகச் சில்லிட்ட மாதிரி இருந்தது. என் கைதான் சில்லிட்டிருக்கிறதோ என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். எதுவென்று புரியவில்லை. எழுந்து ஓடினேன். டாக்டரம்மா வந்தார், திரையை இழுத்து மூடினார்கள், எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வளைகாப்பு நாளுக்கு அப்புறம் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான். சலைன் ஏற்றுகிற வேகத்தை மாற்றி, பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்து பார்த்தார்கள். மறுநாள் எண் இன்னும் கீழே போயிற்று. அதற்கு மறுநாள் அதே இடத்தில் நின்றது. அப்புறம் தானாக ஏறத் தொடங்கியது. என் புத்தி நீட்டி வைத்திருந்த எந்தக் கோட்டிலும் அது போகவில்லை.

வலி எடுத்தது அதற்கெல்லாம் பிறகுதான். நல்ல பிரசவம். பெண் குழந்தை. மூக்கு எங்கள் அப்பா மூக்கு.

இதற்கு நடுவில் நான் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். மேலதிகாரி நல்லவர், உட்கார வைத்துக் கேட்டார். நானும் என்னோடு வேலை செய்கிற இரண்டு பெண்களும் காய்ச்சல்காரர்களின் வீடுகளுக்குப் போன் போட்டு, காய்ச்சல் வருவதற்கு முன்னால் எந்த ஊரில் படுத்துத் தூங்கினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டோம். சிலர் சிரித்தார்கள், சிலர் வைடி போனை என்று திட்டினார்கள். எண்களைப் பிரித்துப் போட்டதும் மறைமலைநகரின் கோடு எழுந்து நின்றது. புகை அடிக்கிறவர்கள் அங்கேயும் போனார்கள். சதுரங்கப்பட்டினத்தின் கோடு இறங்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் இறங்கியது, ஆனால் படுக்கவில்லை. வந்து படுத்தவர்களைக் கடித்த கொசு அந்த ஊரில் இருக்கிறவர்களையும் கடித்திருந்தது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று தங்கை புருஷன் ஒரு கார் பிடித்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். குழந்தை என் மடியில். சென்னைப் பக்கம் திரும்பினால் மறைமலைநகர். திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்பினால் அம்மா வீடு. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கே போகச் சொல்லட்டும் அண்ணி என்று கேட்டார். அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். இவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான் கேட்கிறார்கள். அன்று காலைதான் இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இரண்டும் மேலேதான் நின்றன. தரையோடு படுத்த கோடு எதுவும் இல்லை. அவளைக் கேளுங்கள் என்றேன்.

"அம்மா வூட்டுக்கு" என்றாள் தங்கை. அம்மா மஞ்சள் பையைத் திறந்து, ஊசி குத்திக் கருத்துப்போன அவள் கையில் வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது குழந்தையின் குல்லாவில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. நல்ல வெளிச்சம். காலில் டெங்கு கொசுவின் வெள்ளை வரி தெரிந்தது. அடித்தால் குழந்தை மேல் படும். தூக்கிய கையை அப்படியே நிறுத்தினேன். அம்மா பார்த்துவிட்டு முந்தானையால் ஒரு வீசு வீசினாள். பறந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் பார்த்தேன், கண்ணாடி ஓரத்தில் பார்த்தேன், எங்கேயும் காணவில்லை. வண்டிக்குள்தான் எங்கேயோ இருந்தது.

ஜன்னல்களையெல்லாம் இறக்கச் சொன்னேன். போர்வையை விலக்கி, குழந்தையின் இரண்டு பாதங்களையும் என் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தன. ஊர் வரும்வரைக்கும் கையை எடுக்கவில்லை.